தறியும் திரையும் திருச்சுற்றும்

வீடியோ விளையாட்டு என்பது கலைதானா, அன்றி இளைஞர்களின் பொழுதை விழுங்கும் வெறுங் கேளிக்கையா என்னும் வழக்கு மேல்நாடுகளில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அமெரிக்கத் திரைப்பட விமரிசகர்களுள் பெரும் புகழ் படைத்திருந்த ராஜர் ஈபர்ட், அது ஒருபோதும் கலையாக முடியாது என்று 2010-ஆம் ஆண்டில் தீர்ப்பு வழங்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, நியூயார்க் நகரத்து நவீனக் கலை அருங்காட்சியகம், பேக்-மேன், டெட்ரிஸ் முதலிய 14 விளையாட்டுகளைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. இரு தரப்பாரின் வாதங்களையும் படித்துப் பார்க்கும்பொழுது ஒரு விசித்திரம் புலப்படுகிறது. விளையாட்டை ஆதரிப்போரும் சரி, நிராகரிப்போரும் சரி, பெரும்பாலும் சினிமாவையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதைப் போலக் கதை சொல்லுகிறதா, அதைப் போல அழ வைக்கிறதா என்றே அளந்துகொண்டிருக்கிறார்கள். அளவுகோலை மாற்றிப் பார்க்க விரும்புவோருக்குக் காஞ்சிபுரம் மிகவும் உகந்த இடம் என்பது என் அபிப்பிராயம். கணினிக்கும் இவ்வூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் தறிக்கு மேலே தொங்கும் அட்டைக் கோவையைச் சற்று அண்ணாந்து நோக்கினால் போதும்.

தறியில் நெடுக்கே ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. இவ்விரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் நிகழக்கூடியவை இரண்டே: ஒன்று, பாவு நூல் மேலே வரும், அல்லது, ஊடை நூல் மேலே வரும். மூன்றாவது சாத்தியம் என்பது அங்கே இல்லை. ஆகவே புடவையில் நாம் காணும் மயிலும் அன்னமும் யாளியும், தூரிகையால் தீட்டிய சித்திரத்தைப் போல வளைந்து நெளிந்து ஓடும் கோடுகளால் ஆனவை அல்ல. ஆம், இல்லை என்னும் இரண்டே விடைகளைப் பல்லாயிரம் தடவை வரிசை தப்பாமல் சொல்லிச் சொல்லி உண்டாக்கப்பட்டவை. சித்திரக்காரர் முதலில் கட்டம் போட்ட தாளில் உருவத்தை வரைந்து, எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதை வெறுமையாக விடுவது என்று முடிவு செய்வதும் இந்த நியதியை ஒட்டியே. சாய்ந்து செல்லவேண்டிய கோடு படிக்கட்டாக மாறிவிடுவது இம்முறையில் தவிர்க்கமுடியாத குணம். காஞ்சிபுரத்தார் அந்தப் படிக்கட்டைக் குறையென்று கருதி மறைக்க முற்படவில்லை. கரையிலே அதனைக் கோபுரமாக நிமிரச் செய்து அழகாக்கிக்கொண்டார்கள்.

இந்த ஆம்-இல்லைகளை நெய்பவர் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருத்தல் இயலாது. எங்கேனும் சேமித்து வைக்கவேண்டும். முற்காலத்தில் இங்கே அதை நூலிலேயே சேமித்தார்கள். எந்தப் பாவு நூல்கள் எப்பொழுது மேலெழ வேண்டும் என்பதைத் தறியின் மேல் நூல்களில் முடிச்சிட்டு அமைத்த அந்த ஏற்பாட்டுக்கு அடை என்று பெயர். பிரான்சு தேசத்து லியோன் நகரில் ழோசெஃப் மரீ ஜக்கார்டு என்பவர், தமக்கு முன் பூஷோன், ஃபால்கோன், வோகான்சோன் என்னும் மூவர் செய்து பார்த்த யுக்திகளை ஒன்று சேர்த்து, 1804-இல் ஒரு யந்திரத்தை உருவாக்கினார். ஒரு வீச்சு ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருக்குமிடத்தில் ஊசி உட்புகுந்து, கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தடுக்கப்பட்டு நூல் தாழ்ந்தே கிடக்கும். அட்டைகளை வரிசையாகக் கோத்துச் சுழலவிட்டால் சித்திரம் தானே துணியில் இறங்கும். இருபதாம் நூற்றாண்டில் இந்த ஜக்கார்டுப் பெட்டி காஞ்சித் தறிகளின் மேலும் ஏறி அமர்ந்தது.

கதை அத்துடன் நிற்கவில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித மேதை, எந்தக் கணக்கையும் போடவல்ல யந்திரம் ஒன்றை 1830-களில் கற்பனை செய்தபொழுது, அதற்கு ஆணையிடும் வழியாக ஜக்கார்டின் அட்டைகளையே தேர்ந்துகொண்டார். சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டிலே நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று அவருடைய வசம் இருந்தது. செப்புத்தகட்டுச் சித்திரமென்று பார்ப்பவர் மயங்கும்படி அவ்வளவு நுட்பமானது அது. பாபேஜின் யந்திரம் முற்றுப்பெறவில்லை. ஆயினும் துளை அட்டை பிழைத்துக்கொண்டது. 1890-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் துளை அட்டைகளால் எண்ணிக் காட்டினார் ஹெர்மன் ஹாலரித். அந்த மரபில் வந்த கணினிகள், ஏறக்குறைய 1970-கள் வரையில், தங்களுக்குரிய கட்டளைகளை அட்டை வாயிலாகவே பெற்றுவந்தன. ஆக, கைபேசியில் விரலால் தட்டி விளையாடும் சிறுவன், தான் அறியாமலே, பட்டு நெசவின் வம்சாவளியில் வந்த ஒரு சாதனத்தை இயக்கிக்கொண்டிருக்கிறான்.

வம்சம் மட்டுமன்று, கலை நெருக்கடியும் ஒன்றே. 1980-களில் ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ வெளியிட்ட வீட்டு விளையாட்டு யந்திரத்தின் திரையில், குறுக்கே 256-உம் நெடுக்கே 240-உமாகப் பிக்சல்கள் எனப்படும் ஒளிப்புள்ளிகள் இருந்தன. 1985-இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்னும் விளையாட்டு முழுவதும், ஆணைகளும் சித்திரங்களும் சேர்ந்து, 40 கிலோபைட்டில் அடங்கியது, அதில் சித்திரங்களுக்கென ஒதுக்கிய 8 கிலோபைட்டில், பக்கத்துக்கு 8 புள்ளிகளாக அமைந்த சதுரங்கள் 512-க்கு மேல் வைக்க இடமில்லை. அந்த இக்கட்டில் விளையாட்டை ஆக்கியவர்கள் கண்ட வழி என்ன? வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் முளைத்திருக்கும் புதரும் அந்த விளையாட்டில் ஒரே உருவம்; வெண்மை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். ஒரே அட்டைக் கோவையை வைத்துக்கொண்டு, ஊடையின் நிறத்தை மாற்றி வேறு வேறு புட்டாக்களை எடுக்கும் நெசவாளிக்கு இந்தச் சூட்சுமத்தை யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. அந்த விளையாட்டின் நாயகனாகிய மாரியோவுக்கு மீசை வாய்த்த காரணமும் இத்தகையதே. 1981-இல் டாங்கி காங் என்னும் விளையாட்டுக்காக அவனை முதன்முதல் வடித்த ஷிகெரு மியாமோட்டோ, அவ்வளவு குறைந்த புள்ளிகளில் வாயைக் காட்ட முடியாதென்று மீசையையும், தலைமயிரைக் காட்ட முடியாதென்று தொப்பியையும் வைத்தார். உலகெங்கும் குழந்தைகள் அடையாளம் கண்டுகொள்ளும் முகம் பிறந்தது புள்ளிப் பஞ்சத்தினால்.

நிறத்திலும் இந்த உறவு தொடர்கிறது. மயில்கழுத்து என்று நாம் சொல்லும் நிறத்தில் சாயமேற்றிய நூல் என்பதே அப்புடவையில் இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை மற்றொரு நிறம். நூல்கள் மிக மெலிந்து நெருங்கியிருப்பதால் கண்ணுக்கு அவற்றைப் பிரித்தறியும் சக்தி போதாமல், இரண்டையும் கலந்து மூன்றாவதொரு நிறத்தைத் தானே சமைத்துக்கொள்ளுகிறது. பட்டிழையின் குறுக்குவெட்டு ஏறத்தாழ முக்கோண வடிவானது. ஆதலால் துணி அசையும்போது ஒளி பட்டுத் திரும்பும் கோணம் மாறி, ஒருகால் பாவும் ஒருகால் ஊடையும் மேலோங்கித் தோன்றுகின்றன. கணினித் திரை செய்வதும் ஏறக்குறைய இதுவே. அங்கு மஞ்சள் என்று நாம் காணுமிடத்தில் மஞ்சள் ஒளி இல்லை. சிவப்பும் பச்சையுமான நுண்ணிய விளக்குகள் அடுத்தடுத்து எரிய, கலப்பது நம் கண்ணும் மூளையுமே. புடவையின் நிறம் மாத்திரம் நாம் நகர நகர மாறும். நல்ல திரையோ எங்கிருந்து பார்த்தாலும் ஒரே நிறம் காட்டுவதற்காகப் பெருமுயற்சி செய்கிறது. எது உயர்ந்தது என்று கேட்டால் நான் புடவையின் கட்சி.

இதுவரை சொன்னது நிலைத்த சித்திரத்தைப் பற்றியது. சலனம் என்று வரும்போது சினிமாவின் பிரவேசம். வினாடிக்கு 24 நிலைத்த படங்களை அடுத்தடுத்துக் காட்டினால் மனம் அவற்றைத் தொடர்ந்த இயக்கமாக ஏற்றுக்கொள்ளுகிறது. படங்களுக்கு இடையே இல்லாத அசைவை மூளையே இட்டு நிரப்புகிறதென்பதை, 1912-இல் வெளியிட்ட சோதனைகளால், மாக்ஸ் வெர்ட்ஹைமர் என்னும் ஜெர்மானிய உளவியலாளர் விளக்கினார். இந்த மயக்கத்தையே விளையாட்டும் நம்பியிருக்கிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். திரைப்படத்தின் படங்கள் யாவும் நாம் அரங்கில் நுழைவதற்கு முன்பே முடிந்துபோனவை. கணினியால் ஆக்கப்படும் திரைப்படத்தில் ஒரே படத்தைக் கணித்து முடிக்க மணிக்கணக்கில் ஆனாலும் பாதகமில்லை, பார்வையாளர் காத்திருக்கப்போவதில்லை. விளையாட்டில் அடுத்த கணம் ஆடுபவர் இடப்புறம் திரும்புவாரா, வலப்புறம் ஓடுவாரா என்பது யந்திரத்துக்குத் தெரியாது. திரும்பிய பின்னரே அந்தத் திசையின் காட்சியைக் கணிக்கவேண்டும். வினாடிக்கு 60 படம் என்றால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஒரு வினாடியில் 60-இல் ஒரு பங்கே. குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 என்று அமைந்த சாதாரணத் திரையில் 20,73,600 புள்ளிகள்; அவ்வளவுக்கும் நிறம் தீர்மானித்து, அதை வினாடியில் 60 முறை செய்தால், 12 கோடியே 44 லட்சம் தீர்மானங்கள் ஆகின்றன. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் முடியாது என்பதனால், ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஏககாலத்தில் கணிக்கும் தனிச் சில்லுகளை வகுத்தார்கள். சினிமா முடிந்துபோன காலத்தைத் திரும்ப ஓட்டுகிறது; விளையாட்டோ நம் அசைவுக்காகக் காத்திருந்து, அசைந்த பின் காலத்தைப் படைக்கிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் கலை ஒன்று உண்டா என்றால், அதற்கு விடை காஞ்சியின் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவமல்லன் எடுப்பித்ததும், திருமங்கையாழ்வார் பரமேச்சுர விண்ணகரம் என்று பாடியதுமான இக்கோயிலில், சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்று மாளிகையின் சுவர் நெடுக, மேலும் கீழுமாக இரு வரிசைகளில், பல்லவ குலத்தின் சரித்திரம் மணற்கல்லில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. திருமாலிலிருந்து பிரமன், ஆங்கிரசர், பிருகஸ்பதி, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் என்று இறங்கி, மன்னர்களின் முடிசூட்டல்களும் யுத்தங்களும் சபைகளுமாகத் தொடர்ந்து, பல்லவமல்லன் அரியணை ஏறும் கட்டத்தை அடைகிறது அந்த வரிசை. சில சிற்பங்களின் அடியில் தமிழ்க் குறிப்புகளும் உண்டு. இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தி, எது எந்த நிகழ்ச்சி என்று ஆராய்ந்தெழுதிய சி. மீனாட்சி அம்மையாரின் நூலைத் தொல்லியல் துறை 1941-இல், அவர் இளவயதிலேயே மறைந்த பின்னர், வெளியிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவர்.

ஒரு சட்டகம், அதையடுத்து மற்றொரு சட்டகம், இடையே வெட்டு. இது சினிமாவின் இலக்கணம் என்று எவரும் சொல்லிவிடலாம். ஆனால் இங்கே படச்சுருள் ஓடவில்லை. ஓடுவது நம் கால்கள். நின்றால் கதை நிற்கும், விரைந்தால் விரையும், ஐயம் வந்தால் இரண்டடி பின்வாங்கி முன்னதை மறுபடி பார்க்கலாம். சோவியத்து இயக்குநர் செர்கெய் ஐசன்ஸ்டைன், 1930-களின் இறுதியில் எழுதிய கட்டுரை ஒன்றில், ஏதென்ஸ் நகரத்து அக்ரோபொலிஸை உதாரணமாக வைத்து, நடந்து செல்பவன் கண்முன் வரிசையாக விரியும்படி அமைந்த கட்டடமே சினிமாவின் மூதாதை என்னும் கருத்தை விவரித்தார். அவர் காஞ்சிக்கு வந்திருந்தால் தம் வாதத்துக்கு ஏதென்ஸைவிட வலுவான சான்று கிடைத்திருக்கும் என்று எண்ணுகிறேன். ஏனெனில் அங்கே காட்சிகள் மட்டுமே வரிசைப்பட்டன, இங்கே கதையே வரிசைப்பட்டுள்ளது. இதே ஊரில் ராஜசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலிலோ, கருவறையைச் சுற்றும் குறுகிய வழியில் குனிந்தும் தவழ்ந்தும் புகுந்து வெளிவருகிறார்கள் மக்கள். பிறவிச் சுழலினின்று விடுபடுவதாக அதற்குப் பொருள் சொல்லப்படுகிறது. அங்கே அர்த்தம் கண்ணுக்கு அன்று, முதுகுக்கும் முழங்காலுக்கும் கிட்டுகிறது.

ஆயினும் திருச்சுற்றில் நடப்பவர் கதையின் வேகத்தை ஆளலாமே யன்றி, அதன் போக்கை மாற்றவியலாது. பரமேச்சுரவர்மன் இறந்து, நாட்டுக்கு அரசன் இல்லாமல் போக, அமைச்சர்களும் கடிகை என்னும் கல்விச்சாலையினரும் மற்றையோரும் ஹிரண்யவர்மனிடம் சென்று, அவன் மக்களுள் ஒருவனைத் தரும்படி வேண்டுகிறார்கள். ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன் என்னும் மூவரும் மறுத்துவிட, 12 வயதுப் பாலகனாகிய பல்லவமல்லன் நான் போகிறேன் என்கிறான், தகப்பனோ தயங்குகிறான். ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சுவரில் அவன் சம்மதித்துக்கொண்டே இருக்கிறான். இதைத் திரைப்படமாக எடுத்தால் பையன் முகத்தை அருகில் காட்டி நம்மைக் கலங்க வைக்கலாம். அப்பொழுதும் முடிவு அவனுடையதே. விளையாட்டாக ஆக்கினால் கேள்வி நம்மை நோக்கித் திரும்பும். போகிறாயா, மறுக்கிறாயா? போனால் இன்னின்ன பகைவர், மறுத்தால் இன்னின்ன விளைவு என்று அமைக்கவேண்டியிருக்கும்; அப்படி அமைக்கிறவர், பல்லவ நாட்டில் அதிகாரம் எவ்வாறு இயங்கிற்று, ஒரு சிறுவனின் சம்மதத்துக்கு அங்கே என்ன மதிப்பிருந்தது என்பவை பற்றித் தம் துணிபை விதிகளின் வடிவில் எழுதியாக வேண்டும். சிற்பி உருவத்தால் சொல்லுவதையும் இயக்குநர் காட்சியால் சொல்லுவதையும் விளையாட்டு ஆக்குபவர் விதியால் சொல்லுகிறார். ஈபர்ட் தவறவிட்டது இதைத்தான். ஆடுபவர் முடிவை மாற்றலாம் என்பதால் ஆசிரியரின் கைவண்ணம் கரைந்துபோகும் என்று கருதுவோர், எந்தெந்த முடிவுகள் சாத்தியம் என்று வரையறுத்தவரும் ஓர் ஆசிரியரே என்பதை மறந்துவிடுகிறார்கள்.

விதியால் பொருளுணர்த்தும் கலை நமக்குப் புதியதுமன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக வீடுகளில் ஆடப்படும் பரமபத சோபானத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் படத்திலுள்ள பாம்பும் ஏணியும் சுமாரான சித்திரங்களாகவே பெரும்பாலும் இருக்கும். ஆனால் புண்ணியம் ஏற்றும், பாவம் இறக்கும், சிகரத்துக்கு மிக அருகிலும் சறுக்கல் காத்திருக்கும், இத்தனைக்கும் மேலே தாயம் விழுவது நம் கையில் இல்லை என்னும் ஒரு முழு வாழ்க்கைத் தரிசனம், ஒரு சொல்லும் பேசாமல், ஆடுகிற குழந்தைக்கு அனுபவமாகிவிடுகிறது. அதைச் சுவரில் மாட்டி ரசிப்பவர் அதன் கலையைக் காணவே இல்லை.

சினிமாவும் விளையாட்டும் இன்று ஒன்றையொன்று தாராளமாகக் கடன் வாங்கிக்கொள்ளுகின்றன. நடிகரின் அசைவை உணரிகளால் பதிந்து கணினி உருவத்துக்கு ஊட்டும் முறையில் 2014-இல் கோச்சடையான் வெளிவந்தது; அசைவு வந்த அளவுக்கு முகத்தில் உயிர் வரவில்லை என்பது என் கருத்து. 2019-இல் அஸ்வின் சரவணன் இயக்கிய கேம் ஓவர் படத்தில், விளையாட்டுகளை வடிவமைக்கும் கதாநாயகிக்கு மூன்று உயிர்கள் அளிக்கப்பட்டன. 2021-இன் மாநாடு படத்தில் இறந்த நாயகன் அதே நாளுக்குத் திரும்பி, முந்தைய தோல்வியின் நினைவோடு மீண்டும் ஆடுகிறான். விளையாட்டுப் பழக்கமுள்ள தலைமுறைக்கு இவற்றை விளக்க ஒரு வசனமும் தேவைப்படவில்லை. 2019-இல் வெளிவந்த தி மாண்டலோரியன் என்னும் அமெரிக்கத் தொடரிலோ, விளையாட்டுகளுக்காக ஆக்கப்பட்ட அன்ரியல் என்னும் மென்பொருளையே கொண்டு, நடிகர்களுக்குப் பின்னால் எழுப்பிய மாபெரும் ஒளித்திரையில், கேமரா நகர நகரப் பின்னணியும் ஒத்து நகரும்படி செய்தார்கள்.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் தமிழர் பெருமைப்படத்தக்க ஒன்று 2023-இல் நிகழ்ந்தது. கனடாவின் டொரண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் வெளியிட்ட வெண்பா என்னும் விளையாட்டு, 1980-களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின். தாய் தந்த சமையல் குறிப்பேடு சிதைந்து எழுத்துகள் அழிந்திருக்க, விட்டுப்போன படிகளை ஆடுபவரே ஊகித்துச் சமைக்கவேண்டும். வானொலியில் ஒலிக்கும் பாட்டுகள் தமிழ்ச் சினிமா இசையின் வெவ்வேறு காலங்களுக்கு வணக்கம் செலுத்துமாறு அமைந்தவை. ஆனால் சினிமாவினால் ஆகாத ஒன்றையும் அது செய்கிறது. இட்லித் தட்டுகளை ஆவி ஏறும்படி எவ்வாறு அடுக்குவது என்று நாமே தடுமாறிக் கண்டுபிடிக்கிறோம். பிறகு தமிழைச் சரளமாகப் படிக்கவியலாத மகனாக ஆடும்போது, அவனுக்குப் பிடிபடாத குறிப்புகள் நமக்கும் அரைகுறையாகவே தெரிகின்றன. தாய்மொழி நழுவிப்போவதன் வலியை ஒரு நடிகர் நடித்துக் காட்டவில்லை. விதி நம்மை அதற்குள் நிறுத்திவிடுகிறது. 2024-இல் பிரிட்டிஷ் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை அதற்கு அளித்தது.

சென்னையிலும் கோவையிலும் விளையாட்டு ஆக்கப் பயிற்சி பெறும் இளைஞர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் பண்பாட்டை விளையாட்டில் கொணர்வதென்றால் கோபுரத்தைப் பின்னணியில் நிறுத்தி, வீரன் கையில் வாளைக் கொடுத்தால் ஆயிற்று என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். அது சினிமா அரங்க அலங்காரத்தைக் கடன் வாங்குவதாகுமே தவிர வேறில்லை. இரண்டு நாள் காஞ்சிபுரத்தில் தங்குங்கள். கரையை ஒரு நிறத்திலும் உடலை மற்றொரு நிறத்திலும் கோத்து நெய்யும் கோர்வைத் தறியின் அருகே அமர்ந்து, மூன்று நாடாக்கள் எந்தக் கிரமத்தில் கைமாறுகின்றன என்று கவனியுங்கள்; அதுவே ஒரு விளையாட்டின் விதிமுறைக்குப் போதிய சரக்கு. பிறகு வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றை மீனாட்சி அம்மையாரின் நூலோடு மெதுவாக ஒருமுறை வலம் வாருங்கள். மணற்கல் பொரிந்து பல முகங்கள் இப்பொழுதே தேய்ந்துவிட்டன. ஆகையால் இதைத் தள்ளிப்போடாமல் செய்வது நல்லது.